நாளொன்றுக்கு இருபது பேர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கனாப் என்று ஒரு சிற்றூர். அங்கே முன்பெல்லாம் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஓர் அறையில் கம்பிக் கூண்டைச் சுழற்றிக் குலுக்கல் நடத்துவார்கள். மறுநாள் 'தி வேவ்' என்ற பாறையைப் பார்க்க யார் யார் போகலாம் என்பது அந்தக் கூண்டில்தான் முடிவாகும். 2018 அக்டோபரில் அப்பாவோடு அந்த அறையில் நின்றேன். 2022இல் குலுக்கல் செல்பேசிக்குப் போய்விட்டது. இப்போது கூண்டும் இல்லை, கூட்டமும் இல்லை. அந்த வாரம் இரவு இரவாக விடுதி அறையில் எழுதி வைத்ததைத் தூசி தட்டி இங்கே போடுகிறேன்.

15 அக்டோபர் 2018, திங்கள். ஃபிரெடோனியா

லாஸ் வேகாஸில் வாடகைக் காரை எடுத்தபோது மணி பதினொன்று. கனாப் 200 மைல்தான். மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று வரைபடம் சொன்னது; அப்பாவோடு போனால் ஐந்தரை மணி நேரம். விர்ஜின் ஆறு மலையைக் குடைந்துகொண்டு ஓடும் கணவாயில் மட்டும் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். பாறை அடுக்குகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தார்.

அப்பா ராமநாதபுரம் மாவட்டத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவராக இருந்து 2012இல் ஓய்வுபெற்றவர். ஓய்வுக்கு முந்தின ஆண்டு அவருடைய அலுவலகத்துக்குப் புதுக் கணிப்பொறி வந்தது. அதில் விண்டோஸ் 7. திரைக்குப் பின்னால் வரும் படங்களில் ஒன்றில், செம்மண் நிறப் பாறை வரிவரியாகச் சுழித்துக்கொண்டு ஓடும். யாரோ கற்பனையாக வரைந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இந்த ஜூலையில் என் வீட்டுக்கு வந்தவரிடம், அது நிஜமான இடம், யூட்டா எல்லையைத் தாண்டினதும் அரிசோனாவில் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது, "அந்த அலைப்பாறைக்கு டிக்கெட் எவ்வளவு தாயி?" என்று கேட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு அலைப்பாறை என்று பெயர்.

டிக்கெட் ஆளுக்கு 7 டாலர்தான். கிடைப்பதுதான் பெரும்பாடு. ஒரு நாளைக்கு 20 பேருக்குமேல் விடுவதில்லை. பத்து இடங்கள் நான்கு மாதத்துக்கு முன்பே இணையக் குலுக்கலில் போய்விடும். மற்ற பத்துக்கு, போக வேண்டிய நாளுக்கு முந்தின காலையில் கனாப் பார்வையாளர் மையத்துக்கு நேரில் வந்து பெயர் கொடுக்க வேண்டும். மூன்று காலைகள் முயன்று பார்ப்பது என்று வந்திருக்கிறோம்.

கனாபில் அறை வாடகை 120 டாலருக்குக் குறையவில்லை. ஏழு மைல் தெற்கே, அரிசோனாவுக்குள் இருக்கும் ஃபிரெடோனியாவில் 68 டாலருக்கு அறை கிடைத்தது. சுத்தமான அறை. வெந்நீர் உடனே வந்தது. கொண்டுவந்த சின்ன ரைஸ் குக்கரில் சாதம் வைத்து, பருப்புப் பொடியும் நெய்யும் போட்டுச் சாப்பிட்டோம். வெளியே குளிர் 4 டிகிரி. அப்பா மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று நெடுநேரம் வானத்தைப் பார்த்தார்.

16 அக்டோபர், செவ்வாய். ஒரு மணி நேரம்

ஏழரை மணிக்குக் கிளம்பத் தயாராகிவிட்டோம். குலுக்கலுக்கு எட்டரைக்குப் பெயர் பதியத் தொடங்குவார்கள், ஒன்பதுக்குக் கூண்டு சுழலும். பத்து நிமிடப் பயணம். அவசரம் இல்லாமல் ஒரு கடையில் காபியும், அப்பாவுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டியும் வாங்கினேன். இரண்டு பேருக்கும் 9 டாலர். என் செல்பேசியில் 8.20 இருக்கும்போது மையத்தின் வாசலில் காரை நிறுத்தினேன்.

உள்ளேயிருந்து ஆட்கள் கும்பல் கும்பலாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சிலர் முகத்தில் சிரிப்பு, பலர் முகத்தில் ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் 9.20.

மார்ச் முதல் நவம்பர் தொடக்கம்வரை யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறது. அரிசோனா அப்படிச் செய்வதில்லை. நாங்கள் படுத்தது அரிசோனா, குலுக்கல் நடந்தது யூட்டா. நேற்று சாலையில் மாநிலம் மாறி மாறி வந்தபோது கார் கடிகாரமும் செல்பேசியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டதைப் பார்த்துச் சிரித்தோம். அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. 68 டாலர் அறைக்கு ஒரு காலையைக் கொடுத்துவிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். இது வாராவாரம் யாருக்காவது நடப்பதுதான் என்று சொல்லி, ஒரு துண்டுத் தாளில் கொட்டை எழுத்தில் 'யூட்டா நேரம்' என்று எழுதி என் கையில் கொடுத்தார். கேலி இல்லை, நாளைக்கு நீங்கள் வந்துவிட வேண்டும் என்கிற அக்கறைதான் அதில் தெரிந்தது.

அப்பா அதற்குள் சுவர்ப் படங்களின் முன்னால் போய் நின்றுவிட்டார். இந்தப் பகுதிக்குப் பெரும்படிக்கட்டு என்று பெயர். தெற்கிலிருந்து வடக்கே போகப் போக நிலம் படிபடியாக உயர்கிறது. ஒவ்வொரு படியின் முகப்பும் ஒரு நிறப் பாறை: சாக்லேட், சிந்தூரம், வெள்ளை, சாம்பல், மேலே இளஞ்சிவப்பு. அப்பா கீழ்ப்படியிலிருந்து மேல்ப்படிவரை கையால் காற்றில் ஏறிக் காட்டினார்.

இந்த நிலமெல்லாம் யாருடையது என்று கேட்டார். நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அரசுத் துறையிடம் இருக்கிறது, இங்கே பி.எல்.எம். என்கிறார்கள் என்றேன். ஏறத்தாழ 24.5 கோடி ஏக்கர் அவர்கள் கையில். குடியேறியவர்கள் நல்ல தண்ணீரும் நல்ல மண்ணும் பார்த்து எடுத்துக்கொண்டது போக, பெரும்பாலும் யாரும் கேட்காமல் மிஞ்சியது. 1812இல் தொடங்கிய பொது நில அலுவலகமும் மேய்ச்சல் துறையும் 1946இல் ஒன்றாகி உருவான துறை இது. அந்தப் பழைய அலுவலகத்தின் வேலையே நிலத்தை அளந்து பதிவதுதான் என்று படித்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியென்றால் இது தீர்வை ஏற்படாத தரிசு. நம் ஊரில் புறம்போக்கு."

அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் ஒரு சோர்வு இருந்தது. கண்மாய்ப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதை என்று அவர் அளந்து கல் நட்டதெல்லாம் அடுத்த முறை போய்ப் பார்க்கும்போது ஒரு முழம் சுருங்கியிருக்கும். கல்லே நகர்ந்திருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தை எல்லோருக்குமான நிலமாக வைத்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரியும். வாசலுக்கு வந்தவர் திரும்பிப் பார்த்து, "யாரும் வேண்டாம் என்ற தரிசுக்கு இன்றைக்கு இத்தனை பேர் கியூவில் நிற்கிறார்கள்" என்றார்.

மதியம் மெக்சிகோ உணவகம் ஒன்றில் பீன்ஸ் பர்ரிட்டோ, 9 டாலர் 50. இறைச்சிக் கொழுப்பில் வேகவைத்ததா என்று அப்பாவுக்காகக் கேட்டேன். பரிமாறிய பெண் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, எண்ணெயில்தான் என்று உறுதி சொன்னாள்.

17 அக்டோபர், புதன். கூண்டு

யூட்டா நேரம் 8.10க்கே வாசலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள். மூச்சு விட்டால் புகை. ஒரு தாய் கைக்குழந்தையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். மினசோட்டாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு இது ஒன்பதாவது காலை. மூன்று ஆண்டுகளில் மூன்று முறை வந்திருக்கிறார். அப்பாவின் செருப்பையும் சாக்ஸையும் பார்த்துவிட்டு, மணலில் நடக்கச் சாக்ஸ் இரண்டு ஜோடி போட வேண்டும் என்று சொன்னார். கிடைத்தே விட்டது போலப் பேசினார். அந்தக் குளிருக்கு அந்தப் பேச்சு இதமாக இருந்தது.

உள்ளே படிவம் நிரப்ப வேண்டும். பெயர், கார் எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது. ஒரு குழுவில் ஆறு பேர் வரை போகலாம். ஒரு குழுவுக்கு ஒரே எண். எங்களுக்கு 31. ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். 47 குழுக்கள், 130 பேர் என்று அறிவித்தார் பணியாளர். பத்து இடத்துக்கு 130 பேர்.

முதலில் ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்தார். அந்த எண்ணுக்கு உரியவர் கையைத் தூக்கினார். கையைப் பார்த்த பிறகுதான் அந்த எண் எழுதிய மரக் கோலியைக் கூண்டுக்குள் போட்டார். கோலி ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. கம்பியில் பட்டு உருளும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நாற்பத்தேழையும் இப்படிப் போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. யாரும் முணுமுணுக்கவில்லை. அப்பா என் காதருகே, "எல்லார் கண்ணுக்கும் முன்னால் போடுகிறார், பார்" என்றார்.

எனக்கு அம்மா நடத்திய மாதச் சீட்டு நினைவுக்கு வந்தது. எவர்சில்வர் சொம்பில் மடித்த தாள்களைப் போட்டுக் குலுக்கி, தெருவில் விளையாடும் சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார். எடுப்பதற்கு முன் தாள்களைத் தரையில் பரப்பி எல்லோரையும் எண்ணச் சொல்வார். அதே ஒழுங்கு.

கூண்டு சுழன்றது. 12. நான்கு பேர் கொண்ட குடும்பம், பின்வரிசையில் கூவல். கைதட்டினோம். 40, இரண்டு பேர். 7, மூன்று பேர். பத்தாவது இடம் தனியாக வந்த ஒரு பெண்ணுக்கு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையசைத்தாள். மினசோட்டாப் பெரியவர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினார். நான்கு சுற்றில் முடிந்துவிட்டது.

அடுத்து அதே அறையில், அலைப்பாறை இருக்கும் வட்டாரத்தின் தெற்குப் பகுதிக்குக் குலுக்கல். அதற்கு ஆழ மணலில் ஓடும் நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும். எங்கள் சின்னக் கார் புதைந்துவிடும்.

பிற்பகல் 89ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்க் காளான் பாறைகளைப் பார்த்தோம். அனுமதிச் சீட்டு தேவையில்லை, கட்டணம் இல்லை. முக்கால் மைல் நடை. மெல்லிய தண்டின் மேல் பெரிய தொப்பிக் கல். கீழே இருப்பது மென்மையான மணற்கல், மேலே இருப்பது கடினமான கல். மழை கீழ்க்கல்லை அரிக்க, தொப்பிக்கு நேர் கீழே உள்ளது மட்டும் தப்பி நிற்கிறது. அழகுதான். ஆனாலும் இரண்டு பேர் மனமும் அங்கே இல்லை.

இரவு ஓர் உணவகத்தில் பூர்வகுடி மக்களின் பொரித்த ரொட்டி கிடைத்தது. சோளாபூரியைப்போல உப்பி, அதைவிடக் கனமாக இருந்தது. தேன் ஊற்றி 6 டாலர். அப்பா மூன்று நாளில் முதல் முறையாக இன்னொன்று கேட்டார்.

18 அக்டோபர், வியாழன். ஓர் இடம்

இன்று எங்கள் எண் 9. குழுக்கள் 52, ஆட்கள் 141.

முதலில் வந்தது மூன்று பேர். அடுத்து இரண்டு. பிறகு நான்கு. ஒன்பது இடம் போய்விட்டது. பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டத் தொடங்கிவிட்டார்கள். பணியாளர் கூண்டை மறுபடி சுழற்றிக் கோலியை எடுத்தார்.

"ஒன்பது."

அப்பா கையைத் தூக்கினார். நான் நின்ற இடத்திலேயே துள்ளிவிட்டேன். பணியாளர் எங்கள் படிவத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார். "நீங்கள் இரண்டு பேர். என்னிடம் இருப்பது ஓர் இடம்" என்றார். ஒருவர் மட்டும் போக விரும்பினால் தரலாம். வேண்டாமென்றால் அடுத்த எண்ணை எடுப்பார். யோசித்துச் சொல்லுங்கள் என்று கூண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

141 பேர் எங்களைப் பார்த்தார்கள்.

நீங்கள் போங்கள் அப்பா என்றேன். நீ போ தாயி என்றார். உங்களுக்காகத்தானே வந்தோம் என்றேன். அலைப்பாறைக்குப் பாதை கிடையாது. போக வர ஆறு மைலுக்குமேல் மணலும் வெறும் பாறையும். 2013 கோடையில் அங்கே வெயில் தாங்காமல் இறந்தவர்கள் உண்டு. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. செல்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் அவரைத் தனியாக விட எனக்குத் துணிவில்லை. ஆனால் அவர் போக வேண்டும் என்றும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டையும் ஒரே மூச்சில் அவரிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் என்னையும் கூண்டையும் பார்த்தார். பிறகு அலுவலகத்தில் பேசும் அந்த நிதானமான ஆங்கிலத்தில், "நன்றி ஐயா. அடுத்த எண்ணை எடுங்கள்" என்றார்.

அடுத்து 44. கொரியாவிலிருந்து தனியாக வந்த கல்லூரி மாணவர். இருபத்திரண்டு வயதிருக்கும். நேராக எங்களிடம் வந்து, இடுப்பை வளைத்துக் குனிந்தார். அப்பா அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள், எனக்கு அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

காரில் ஏறிய பிறகு அப்பா சொன்னது இவ்வளவுதான்: "பாதை இல்லாத காட்டுக்குப் பெற்ற பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டு நான் காரில் உட்கார்ந்திருக்க மாட்டேன்."

மாலைவரை இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. துணி துவைக்கும் கடையில் இரண்டு டாலருக்கு நாணயம் மாற்றி, சுழலும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவரில் பழைய கௌபாய்ப் படங்களின் புகைப்படங்கள். அந்தக் காலத்தில் அவை நிறைய இந்த ஊரைச் சுற்றித்தான் எடுக்கப்பட்டனவாம். கனாபுக்குச் சின்ன ஹாலிவுட் என்றே பட்டப்பெயர் உண்டு. அப்பா ஒவ்வொரு படத்திலும் பின்னணி மலையை மட்டும் பார்த்து, இது கிழக்கே இருப்பது, இது வடக்கே இருப்பது என்று சொல்லிவந்தார். ராத்திரி புளிக்காய்ச்சல் போட்டுச் சாதம் கிளறி, நாளைக்கு என்று எடுத்து வைத்தேன். வயர் பாஸ் என்ற இடுக்கு வழியைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது என்று முடிவு. அதற்குக் குலுக்கல் இல்லை.

19 அக்டோபர், வெள்ளி. வயர் பாஸ்

கனாபிலிருந்து கிழக்கே முப்பத்தெட்டு மைல் போய், ஹவுஸ் ராக் பள்ளத்தாக்குச் சாலையில் தெற்கே திரும்ப வேண்டும். எட்டு மைலுக்குமேல் மண் சாலை. மழை பெய்தால் களிமண் குழைந்து எந்த வண்டியும் போகாது. இன்று காய்ந்திருந்தது, ஆனால் முழுக்க வரிவிழுந்து, கார் நடுங்கிக்கொண்டே போனது. பின் இருக்கையில் எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டில் உடைந்தது. அரை மணி நேரம் துடைத்தும் வாசனை போகவில்லை.

வயர் பாஸ் கட்டணம் ஆளுக்கு 6 டாலர். வசூலிக்க ஆள் கிடையாது. உறையில் பணத்தைப் போட்டு, கார் எண்ணை எழுதி, இரும்புப் பெட்டியின் பிளவில் தள்ள வேண்டும். அப்பா பணத்தை இரண்டு முறை எண்ணினார்.

அலைப்பாறைக்குப் போகிறவர்களும் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். அரை மைல் வரை ஒரே வழி, வறண்ட ஓடைப் படுகை. அப்புறம் வலது கைப்பக்கம் ஒரு மணல் மேடு. அனுமதிச் சீட்டு இல்லாமல் இதற்குமேல் போகக் கூடாது என்று ஒரு பலகை. காவலுக்கு யாரும் இல்லை. கம்பி இல்லை, கதவு இல்லை. எவ்வளவு பெரிய வெளி! ஏறிப் போனால் கேட்பாரில்லை. அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்பா குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினார். இளஞ்சிவப்பு, மாவு போலப் பொடி. "நம் சாயல்குடித் தேரி மண்" என்றார். நான் படித்ததைச் சொன்னேன்: இந்தப் பாறையெல்லாம் சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றடித்துக் குவித்த மணல்மேடுகள், மேலே மேலே மூடி இறுகிக் கல்லாயின. அலைப்பாறையில் தெரியும் வரி ஒவ்வொன்றும் அன்றைய காற்று படியவைத்த ஒரு படிவு. தேரி இறுகிக் கல்லானால் இப்படித்தான் இருக்கும் என்று அப்பா அந்த மணலை விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.

அப்போதுதான் கொரிய மாணவர் பின்னால் வந்தார். பையில் அனுமதி அட்டை தொங்கியது. கையில் மையத்தில் கொடுத்த வழிகாட்டித் தாள்: நிலத் தோற்றங்களின் புகைப்படங்கள் வரிசை எண்ணோடு. அதைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மறுபடி குனிந்தார்.

அப்பா கேட்காமலே தாளை வாங்கி, ஒரு பாறைமேல் விரித்தார். சூரியனைப் பார்த்து, தாளைத் திருப்பி வைத்தார். இரட்டைக் குன்று எங்கே தெரியும், அதை எந்தக் கையில் விட்டுப் போக வேண்டும், கடைசியில் தூரத்து மலை முகட்டில் கறுப்பாகத் தெரியும் செங்குத்துப் பிளவை நோக்கி நடக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். பிறகு தாளை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "நூறு அடிக்கு ஒரு முறை நின்று திரும்பிப் பாருங்கள். போகும்போது பார்த்த நிலம் திரும்பும்போது வேறு நிலம்" என்றார். என்னிடம் தமிழில், "பின்நோக்கு. இதை விட்டவன்தான் காட்டில் தவறுவான்" என்றார்.

மாணவர் மேட்டில் ஏறினார். கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். அப்பா கையை உயர்த்தினார். இன்னும் கொஞ்ச தூரம், மறுபடி நின்றார். நான்கு முறை எண்ணினேன். பிறகு மேடு மறைத்துவிட்டது.

நாங்கள் படுகையோடு இறங்கினோம். அரை மைலில் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நெருங்கியது. பல இடங்களில் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொட்டன. சில இடங்களில் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. சுவர் குளிர்ந்திருந்தது. தலைக்குமேல் நீலக்கோடு போல வானம். எங்கள் தலைக்கு மிக உயரத்தில் ஒரு மரத்துண்டு குறுக்கே சிக்கியிருந்தது, ஏதோ ஒரு வெள்ளம் கொண்டுவந்து மாட்டியது. ஓரிடத்தில் பாறை வந்து அடைத்து, ஆளுயரத்துக்குக் கீழே குதிக்க வேண்டியிருந்தது. அப்பா தயங்கினார். எதிரே வந்த இரண்டு பெண்கள் கேட்காமலே கீழே நின்று, அவருடைய பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையின் மடிப்பில் வைத்துவிட்டார்கள். நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்கள்.

இடுக்கு முடியும் இடத்தில் பக்ஸ்கின் என்ற பெரிய பிளவு குறுக்கே வருகிறது; அது மட்டும் பதினைந்து மைல் நீளம் என்கிறார்கள். சந்திப்பில், சுவரின் அடியில் கொம்பு வளைந்த மலையாடுகளின் கீறல் உருவங்கள். யாரோ மிகப் பழங்காலத்தில் கல்லால் கொத்தியவை. ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஆடுகள். அப்பா தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கையை வைத்து அளவு பார்த்தார். அங்கே நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். சிந்திய பருக்கைகளையும் பொறுக்கிப் பையில் போட்டார்.

மூன்று மணிக்குக் கார் நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். ஆறு மணி நேரப் பயணம் முன்னால் இருக்கிறது, கிளம்பலாமா என்றேன். அப்பா நகரவில்லை. இரண்டு வண்டி தள்ளி நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார். மாணவருடையது.

"அந்தப் பையன் வரட்டும்."

நான்கு ஆனது. ஐந்து. அனுமதி பெற்ற மற்றவர்கள் இரண்டு மூன்று பேராக வந்து சேர்ந்தார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும் போய்ப் பையனைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்திருந்தான், கடைசியாக வருவான் என்றார் ஒருவர். காற்று குளிர ஆரம்பித்தது. மப்ளரைச் சுற்றிக்கொண்டு படுகையின் வாயில் போய் நின்றார். ஐந்தே முக்காலுக்கு மாணவர் வந்தார். முழங்கால்வரை செம்மண். அப்பாவைக் கண்டதும் ஓடிவந்தார்.

மீதிப் புளியோதரையைக் காகிதத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். காரமாக இருக்கும் என்றேன். கொரியாக்காரனுக்கா என்று சிரித்து, நின்றபடியே சாப்பிட்டார். அப்பா, வழியில் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே எல்லைக்கல் ஏதாவது கண்ணில் பட்டதா என்று விசாரித்தார். ஒன்றும் படவில்லையாம். 37ஆவது அட்சரேகை என்று வைத்துக்கொண்டு போட்ட கோடு, அந்த மணலில்தான் எங்கேயோ போகிறது என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்து, கேமராவை அப்பாவிடம் நீட்டினார் மாணவர். முதல் நான்கு படங்களில் மணல் மேட்டின் அடிவாரமும், அதில் எறும்பு அளவுக்கு இரண்டு பேரும், ஒருவர் கையை உயர்த்தியபடி. அடுத்த படத்தில் நாங்கள் இல்லை, நாங்கள் நின்ற பலகை மட்டும். அதற்கடுத்து இரட்டைக் குன்று, ஆனால் பின்பக்கம். நின்று திரும்பிய இடத்திலெல்லாம் ஒரு படம் எடுத்திருந்தார். அறுபதுக்குமேல் இருந்தன.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரின் முன்பக்கம் சாய்ந்து நின்றார். ஒன்றையும் தாண்டவில்லை. ஒவ்வொரு படத்திலும் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்த்து, மணி என்ன இருக்கும் என்று சொன்னார். மாணவர் சரி என்று தலையாட்டினார். அலைப்பாறை வருவதற்கு இன்னும் முப்பது படங்கள் இருந்தன. நான் காரின் விளக்கைப் போட்டேன்.